என் காதும் யேசுதாஸின் ஈரலும்

காற்று மட்டும் என் பக்கம் வீசினால் போதும். காசிமேட்டில் நின்றுகொண்டே எண்ணூரில் படுத்திருக்கும் ஒருவனின் ஈரலில் புற்று இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். நீங்கள் சிரிப்பீர்கள். என் மனைவி சாகும்வரை சிரித்தாள். ஆனால் சிரித்தவர்கள் எல்லாரும் உள்ளுக்குள் நம்பினார்கள். நம்பாதவள் என் உத்தியோகக் காலம் முழுவதிலும் ஒரே ஒருத்திதான். அவளே கடைசியில் வாயைத் திறந்து ஒப்புக்கொண்டாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் வழியில் வரும்.

என் பெயர் லியோனார்ட். ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் கடற்கரை வரை நடக்கிறேன், மீன் வாங்குகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். தூக்கத்தைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் யாராவது கேட்பீர்கள்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஈரல் கெட்டிருக்கும். மஞ்சள்காமாலை வந்து சரியாக ஆறாமல் விட்டவர்கள் சிலர். மதுவிலக்குக் காலத்தில் கிடைத்ததையெல்லாம் காய்ச்சிக் குடித்தவர்கள் சிலர். ஈரல் வருஷக்கணக்கில் சுருங்கி, இறுகி, வயிற்றில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஊசி போட்டு வாளியில் வடிப்போம். அவர்களில் சிலருக்கு அந்த இறுகிய ஈரலுக்குள்ளேயே புற்று முளைக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை. நல்ல ஈரலில் கட்டி வந்தால் மெத்தைக்கு அடியில் கிடக்கும் கல் மாதிரி கையில் தட்டுப்படும். இறுகிய ஈரலோ ஏற்கெனவே ஜல்லி மூட்டை. மூட்டைக்குள் எந்தக் கல் நேற்று வந்தது என்று யார் சொல்வது? ஆள் திடீரென்று இளைப்பான், வடிக்கிற தண்ணீரில் ரத்தம் கலந்து வரும், என்று புத்தகம் சொல்லும். அதெல்லாம் வருவதற்குள் காலம் கடந்துவிடும். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஈரலில் ஊசி விட்டுத் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தைப் பார்த்தே சொல்கிற புதுச் சோதனை ஒன்று வரப்போகிறது என்றும் பேசிக்கொண்டார்கள்.

நான் காதை வைத்தேன்.

புற்றுக்கட்டிக்குள் ரத்தம் அடித்துக்கொண்டு பாயும். சில பேருக்கு அது வெளியே கேட்கும், தூரத்தில் ரயில் வளைவில் திரும்புகிற மாதிரி. இது புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது என் காது. மற்ற டாக்டர்களுக்கு ஸ்டெதஸ்கோப் குழாய் வேண்டும். எனக்கு ஒரு துண்டு போதும். வயிற்றில் விரித்து, வலது காதை வைத்துப் படுத்துவிடுவேன். ஒரு தடவை ரிக்‌ஷா தெருமுனையில் திரும்பும்போதே கேட்டுவிட்டது. ரிக்‌ஷாக்காரனுடையதா, சவாரியுடையதா என்பதில்தான் கொஞ்சம் குழப்பம்.

புற்று என்ற வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. "சாமியாரைக் கூப்பிடுங்க" என்பேன். அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பங்குச் சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசும் கடைசி எண்ணெய் பூசுவார். மறுநாள் கல்மண்டபத்துச் சவப்பெட்டிக்காரர் அம்புரோஸ் நாலு சாத்துக்குடியோடு நோயாளியைப் பார்க்க வருவார். சுகம் விசாரித்துக்கொண்டே தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்ப்பார். டேப் பிடிக்கமாட்டார், அது மரியாதை இல்லை. சாயங்காலம் அவர் கடையில் சுத்தியல் சத்தம் கேட்கும். வீட்டாருக்கும் அதில் வருத்தமில்லை. கடைசி நேரத்தில் அலைய வேண்டாமல் பெட்டி தயாராக இருக்குமே. லியோனார்ட் டாக்டர் சொல்லி அம்புரோஸ் பெட்டி வீணாய்ப் போனதில்லை என்று மீன் ஏலம் விடுகிற இடத்தில்கூடப் பேச்சு.

நான் சொன்னவர்கள் எல்லாரும் செத்தார்கள். அந்தப் புற்றினால்தான் செத்தார்களா என்று யாரும் திறந்து பார்க்கவில்லை. அவசியம் வரவில்லை.

நம்பாதவள் என்றேனே, அவள் எங்கள் தலைமை நர்ஸ் அடைக்கலமேரி. காசிமேட்டு மீனவர் வீட்டுப் பெண். ஈரல்காரர்களுக்கு அவள்தான் எமன். கருவாடு, ஊறுகாய், உப்பு எதுவும் வாயில் வைக்க விடமாட்டாள். பார்க்க வருகிறவர்களின் தூக்குச்சட்டியை மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவாள். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத தெருக்களில் அவளுக்கு எவ்வளவு நல்ல பேர் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எழுபத்திரண்டில் யேசுதாஸ் வந்தான். ஹார்பரில் கிரேன் டிரைவர். காமாலை வந்து ஈரல் இறுகின கேஸ். வயிறு பறை மாதிரி. தண்ணீரை வடித்துவிட்டு, துண்டை விரித்து, காதை வைத்தேன். வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த நிசப்தம் எனக்கு எப்போதும் பிடிக்கும். ஈரல் பாடியது. ரயில் இல்லை, கப்பல் சங்கு. எழுந்து அவன் பெண்டாட்டி சிலுவையம்மாளைப் பார்த்து, "சாமியாரைக் கூப்பிடும்மா" என்றேன்.

அடைக்கலமேரி வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"டாக்டர், அது எதிர்ல ஐஸ் பேக்டரி மோட்டாரு. இப்பத்தான் போட்டான். நீங்க காத வெக்க சொல்ல நானும் கேட்டுகினுதான் இருந்தேன்."

"சிஸ்டர், முப்பது வருஷமா ஐஸ் பேக்டரியையும் ஈரலையும் பிரிச்சுக் கேக்கத் தெரியாமலா இருக்கேன்?"

"ஊசி வுட்டுப் பாக்கட்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

"சாமியார் வரட்டும்."

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்தேன் என்று வேண்டாம். அந்த வருஷங்களில் என் வலது காது கொஞ்சம் மந்தம். தெருச் சத்தம், மனைவியின் சத்தம் எதுவும் சரியாக விழாது. அதனால்தான் மெல்லிய ஒலிகள் தடையில்லாமல் கேட்டன. இது விஞ்ஞானம்.

சாமியார் வந்தார். அம்புரோஸ் சாத்துக்குடியோடு வந்தார். ஹார்பரில் யேசுதாஸின் கிரேனுக்கு வேறு ஆள் போட்டார்கள். பெட்டி வீட்டுக்குப் போனது. யேசுதாஸும் வீட்டுக்குப் போனான், சாக.

சாகவில்லை.

இதற்கு அடைக்கலமேரிதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. சாகப்போகிறவன்தானே, ஆசைப்பட்டதைத் தின்னட்டும் என்று சிலுவையம்மாள் வஞ்சிரக் கருவாடு வாங்கி வைத்திருக்கிறாள். அடைக்கலமேரி டூட்டி முடிந்து அவர்கள் வீட்டுக்கே போய் சட்டியைத் தெருவில் கொட்டியிருக்கிறாள். உப்பில்லாத கஞ்சி, நீர் பிரிய மாத்திரை, படுக்கை. தினமும் போயிருக்கிறாள். மழைக்காலம் வந்து போனது, கிறிஸ்துமஸ் வந்து போனது, யேசுதாஸின் வயிறு வற்றியது. கன்னத்தில் சதை பிடித்தது. ஈஸ்டருக்குக் கோயிலுக்கு நடந்தே வந்தான். எண்ணெய் பூசின சாமியாரே அவன் நாக்கில் நற்கருணை அப்பம் வைத்தார். நான் பின்வரிசையில் இருந்தேன்.

அதோடு விட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். ஆள் பிழைப்பது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பெட்டி. வீட்டுக்குள் இடமில்லை என்று வாசலில் கிடந்தது. யேசுதாஸ் அதற்குள் விறகை அடுக்கி, மூடி மேல் உட்கார ஆரம்பித்தான். காலையில் பேப்பர் படிப்பது அதன் மேல். சாயங்காலம் சீட்டாட்டம் அதன் மேல். கூட ஆடுகிறவன் டீக்கடை ஜாபர். என் வீட்டுக்குப் போகிற வழி அதுதான்.

"டாக்டரே, சலாம்" என்பான் ஜாபர். "வந்து குந்துங்க. நீங்க எயுதிக் குடுத்த பெஞ்சுதான்."

"சும்மாரு மாமு" என்பான் யேசுதாஸ். எழுந்து நின்று கும்பிடுவான். "டாக்டர் மேல ஒண்ணுமில்ல. நல்ல மரம். வழவழன்னு கீது."

அவன் கேலி செய்யவில்லை என்பதுதான் கஷ்டம். உண்மையாகவே கும்பிட்டான்.

அதன்பிறகு வார்டில் நான் துண்டை விரித்தால் நிசப்தம் வரவில்லை. யாரோ செருமுவார்கள். ஒரு கிழவர், "யேசுதாசுக்கு சொன்னா மாரி எனக்கும் சொல்லு நைனா, புண்ணியமாப் போவும்" என்றார். வார்டு சிரித்தது. "சாமியாரைக் கூப்பிடுங்க" என்றால் கூப்பிடவில்லை. வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அம்புரோஸ் தெருவில் என்னைப் பார்த்தால் எதிர்ச் சாரிக்கு மாறினார். எத்தனை வருஷத்துக் காது. ஒருத்தன் விறகுப் பெட்டி மேல் உட்கார்ந்து அதைச் செவிடாக்கிவிட்டான்.

எழுபத்து மூன்று கடைசியில் யேசுதாஸ் என் அறைக்கு வந்தான். தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டு.

"ஹார்பர்ல மறுபடி வேல கேட்டேன் டாக்டர். புது ஆளு நின்னுட்டான், கிரேன் காலியாத்தான் கீதாம். ஆனா ஏற்கெனவே கேன்சர்னு ஆயிட்டுது, அந்த டாக்டரே இல்லன்னு சொன்னாத்தான் ஏத்துவோம்ன்றாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லணும்."

"எதை?"

"நமக்கு அது இல்லன்னு."

"இருக்குதே யேசுதாஸ். நான் கேட்டேனே."

அவன் மேஜைக்குக் கிட்டே வந்தான். கோபம் வரவில்லை. "மேல குந்தினா கப்பலுங்க எல்லாம் கீய தெரியும் டாக்டர். எண்ணூர் வரைக்கும் தெரியும். தரையில குந்திகினு குந்திகினு பைத்தியம் புடிக்குது. சிலுவ கூடைய தூக்கிகினு மீன் வித்து எனக்கு சோறு போடறா. இன்னா பண்ணணும் சொல்லுங்க, பண்றேன்."

அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. எனக்கு வேண்டியதும் ஒரே வார்த்தைதான். இரண்டும் வேறு வேறு வார்த்தை.

"ஊசி விட்டு ஒரு துண்டு எடுத்துப் பார்ப்போம்" என்றேன். "அதில் இல்லை என்று வந்தால் நானே ஹார்பருக்கு வந்து சொல்கிறேன்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஈரலில் ஊசி விடுவதற்கு முன் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கவேண்டும். இறுகின ஈரல் உள்ளவர்களுக்கு அது லேசில் உறையாது. உறைய வைக்கிற சரக்கைச் செய்வதே ஈரல்தான். அடைக்கலமேரி அவன் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். உறைந்த ரத்தம் குழாயைக் கவிழ்த்தாலும் விழாது. அவள் குழாயை என் கண் முன்னால் பிடித்தாள். அது ஓடியது.

"தண்ணி மாரி ஓடுது டாக்டர். ஊசி வேணாம். வேணும்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம், அவங்க பாத்துக்குவாங்க."

"சரி சிஸ்டர், வேண்டாம்" என்றேன்.

யேசுதாஸை ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச்சொன்னேன். ஞாயிறு காலை அடைக்கலமேரி பூசையில் பாட்டுக் குழுவில் இருப்பாள். ஐஸ் பேக்டரியும் ஞாயிறு ஓடாது. யேசுதாஸ் பூசைக்குப் போகாமல் வந்தான். ஒரு ஞாயிறு தப்பினால் கடவுள் கோபிக்கமாட்டார் என்று சிலுவையம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தானாம். முதலில் பழக்கத்துக்குத் துண்டை விரித்துக் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் இல்லாத நாளில் காது அந்த மௌனத்துக்குப் பழக நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

வலது விலாவுக்கு நடுவில் மரத்துப்போக மருந்து போட்டு ஊசியை விட்டேன். "மூச்ச புடி யேசுதாஸ்." பிடித்தான். நல்ல நோயாளி. வந்த துண்டு பழைய இறுகின ஈரல். புற்று என்றால் வெளுத்து நொய்ந்து வரும், பார்த்தாலே தெரியும். அதனால் கொஞ்சம் கீழே விட்டேன். அதுவும் அதே. இன்னொரு பக்கம் சாய்த்து விட்டேன். அவன் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தான். "போதுமா டாக்டர்" என்றான். இன்னும் ஒன்று என்றேன். எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஜல்லி மூட்டை என்று சொன்னேனே, ஒரு கல்லைத் தேடுகிறவன் எண்ணமாட்டான்.

பிறகு அவனை வலது பக்கமாகப் படுக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில், "தோள்பட்ட வலிக்குது டாக்டர்" என்றான். ஊசி போட்டது விலாவில். வலிப்பது தோளில். இது எந்த மாணவனுக்கும் தெரியும். வயிற்றுக்குள் ரத்தம் சேர்ந்து மேலே முட்டும்போது தோளில் வலிக்கும்.

எனக்கும் தெரியும். ரத்தம் ஏற்றுகிற ஆஸ்பத்திரி தூரமில்லை. வாசலில் டாக்சி நின்றது. பூசை முடிய நேரம் இருந்தது. எல்லாம் யோசித்தேன், நிதானமாகத்தான் யோசித்தேன். கொண்டுபோனால் பிழைப்பான். பிழைத்தால் நாலு நாளில் திரும்பி வருவான், ஊசித் துண்டுகளில் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு. மறுபடி அந்தப் பெட்டி மேல் உட்காருவான். எழுந்து கும்பிடுவான்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேலேயிருந்து எண்ணூர் எப்படித் தெரியும் என்று கேட்டேன். சொன்னான். புகைபோக்கிகள் தெரியுமாம். காலையில் கட்டுமரங்கள் கடுகு இறைத்தது மாதிரி தெரியுமாம். குளிருகிறது என்றான், போர்த்திவிட்டேன். தாகம் என்றான், கொடுத்தேன். வியர்த்தான். நாடி நூலாகிக்கொண்டே வந்தது. நான் விரலை எடுக்கவில்லை. கடைசியில், "எயுதிருவீங்க இல்ல டாக்டர்" என்றான்.

"எழுதிடறேன்" என்றேன்.

கோயில் மணி அடித்தபோது அவன் இல்லை.

அடைக்கலமேரி பூசைச் சேலையோடு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். தட்டில் கிடந்த ஊசியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சிலுவையம்மாளிடம் நான்தான் சொன்னேன், கட்டி உள்ளே உடைந்துவிட்டது என்று. புற்றுக்கட்டி அப்படி உடைவதும் உண்டு, அது பொய்யில்லை. அவள் என் காலைத் தொட்டு, "நீங்க அப்பவே சொன்னீங்க டாக்டர்" என்றாள். விறகை எடுத்துப்போட்டுவிட்டுப் பெட்டியைக் கழுவினார்கள். ஜாபர் ஒரு பக்கம் தூக்கினான். அம்புரோஸ் அன்று தெருவில் எனக்குக் கை கூப்பினார்.

ஆனால் அடைக்கலமேரி பேசவில்லையே. அது எனக்குப் போதவில்லை. உடம்பு வீட்டுக்குப் போவதற்கு முன்பே நான்தான் யோசனை சொன்னேன். ஈரலை எடுத்து, ஜாடியில் மருந்துத் தண்ணீர் ஊற்றிப் பட்டணத்துக்கு அனுப்புவோம், அவர்கள் பொடிப் பொடியாக நறுக்கிப் பார்த்துச் சொல்லட்டும், நீயே கொண்டுபோ என்று. எதற்குப் பயப்படவேண்டும்? கேட்டது என் காது. அவள் அந்த ஜாடியைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள்.

திரும்பி வந்த அன்று வார்டு நிறைய ஆள். நான் துண்டை விரித்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் நின்றாள். முகம் சாம்பல்.

"சொல்லுங்க சிஸ்டர்" என்றேன். "எல்லாரும் கேக்கட்டும்."

அவள் முதலில் ஏதேதோ சொன்னாள். கட்டி பட்டாணி அளவுதானாம். இடது ஓரத்திலாம்; நான் காது வைத்த பக்கமும் இல்லையாம், ஊசி போன பக்கமும் இல்லையாம். புதிதாக முளைத்ததாம், எழுபத்திரண்டில் இருந்திருக்கவே முடியாதாம். அதை விட்டு வைத்திருந்தாலும் அவனுக்கு வருஷங்கள் இருந்தனவாம். நான் குறுக்கே பேசவில்லை. தோற்றவர்கள் விவரம் சொல்வார்கள். எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது. பட்டாணி. முளைப்பதற்கு முன்னாலேயே, ஈரலின் அந்தக் கோடியில் இருக்கும் பட்டாணியைக் கேட்ட காது. உலகத்தில் வேறு யாருக்கு இருக்கிறது?

"அதெல்லாம் இருக்கட்டும் சிஸ்டர்" என்றேன். "இருந்துதா, இல்லியா?"

வார்டு மூச்சைப் பிடித்துக்கொண்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த நிசப்தம்.

"இருந்துச்சு டாக்டர்" என்றாள் அடைக்கலமேரி.